பைக்காராவின் பருவங்களும் விழாக்களும்



நீலகிரியில் ‘சீசன்’ என்றொரு சொல் வழங்குகிறது. உதகமண்டலத்துக் கடைத்தெருவில் எவரைக் கேட்டாலும் அதன் பொருளைச் சொல்லிவிடுவர். சித்திரையும் வைகாசியுமே சீசன். சமவெளியின் வெயிலுக்கு அஞ்சி மக்கள் மலையேறி வரும் காலம் அது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தை ஆண்டவர்கள் கோடைதோறும் தங்கள் அலுவலகங்களோடு இங்கு வந்து தங்கினார்கள். அவர்கள் ஏற்படுத்திய வழக்கம் அவர்கள் போன பின்னும் நிலைத்துவிட்டது. 1896-இல் தொடங்கிய உதகை மலர்க்காட்சி இன்றும் மே மாதத்தில் நடைபெறுகிறது. குன்னூரில் பழக்காட்சியும், கோத்தகிரியில் காய்கறிக் காட்சியும், கூடலூரில் வாசனைப் பொருள்களின் காட்சியும் அதனை ஒட்டி நடைபெறுகின்றன. கோடை விழா மேடைகளில் ஆடலும் பாடலும் இடம் பெறுகின்றன. இவையெல்லாம் கண்டு மகிழத் தக்கவையே.

ஆயினும், மலையிலேயே பிறந்து மலையிலேயே வாழும் மக்களின் ஆண்டு இவ்வாறு நடப்பதில்லை. அவர்களுடைய பெருவிழாக்கள் புல் நுனியில் உறைபனி படியும் மார்கழியிலும் தையிலும் வருகின்றன. அல்லது தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஆடியில் வருகின்றன. கம்பளி இன்றி வெளியே நிற்க இயலாத காலத்திலும் மழையில் வழி தெரியாத காலத்திலும் ஒரு மக்கட் கூட்டம் விழா எடுப்பானேன்? இந்தக் கேள்வியை மனத்திற்கொண்டு, பைக்காராவைச் சூழ்ந்த மலை நாட்டின் பருவங்களையும் அப்பருவங்களில் பிறக்கும் கலைகளையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

பைக்காரா, உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஊரின் பெயரும் ஆற்றின் பெயரும் ஒன்றே. முக்கூர்த்தி மலைச் சரிவுகளில் தோன்றும் இந்த ஆறு வடக்கு நோக்கி ஓடி, அருவிகளாக இறங்கி, மோயாறு என்னும் பெயருடன் சென்று பவானியில் கலக்கிறது. 1929-இல் பணி தொடங்கி 1932-இல் நிறைவேறிய பைக்காரா மின் திட்டம் இந்த ஆற்று நீரைச் சிங்காராவுக்கு இறக்கி மின்னாற்றல் எடுத்தது. கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகியதற்கு அந்த மின்சாரம் பெருந்துணையாயிற்று. ஆகவே பைக்காராவை அறியாத கொங்கு நாட்டாரும் பைக்காராவுக்குக் கடன்பட்டவர்களே.

இந்த ஆற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? மழையிலிருந்து என்று சொல்லிவிடலாம். ஆனால் மழை நான்கு மாதம். ஆறோ ஆண்டு முழுவதும் ஓடுகிறது. இடைப்பட்ட மாதங்களில் நீர் தருபவை மலையின் புல்வெளிகளும், மடுக்களில் ஒதுங்கி நிற்கும் சோலைகளும், அவற்றுக்கு நடுவே கிடக்கும் சதுப்பு நிலங்களுமே. இவை மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுகின்றன. இந்தப் புல்வெளியே தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சல் நிலம். இந்தச் சதுப்பே அவர்களுடைய கோயிலுக்குக் கூரை தருவது. இச்செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கே திரும்பி வருவேன்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அடுத்துக் கருப்பொருளை வகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரே வரிசையில் வைத்தார். பறையையும் யாழையும் தனியே எடுத்துக் கலை என்று ஓர் அலமாரியில் அவர் வைக்கவில்லை. உணவோடும் தொழிலோடும் விலங்கோடும் சேர்த்தே வைத்தார். நிலம் மாறினால் பறையும் மாறும் என்பது அவர் கருத்து. நீலகிரியின் விழாக்களைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த திறவுகோல் இல்லை எனலாம்.

முதலில் தோடர்களைப் பார்ப்போம். அவர்கள் தொகையில் மிகச் சிறியவர்கள். ஈராயிரத்தை ஒட்டியே இருப்பர். குறிஞ்சி நிலத்தின் உச்சியில் முல்லை வாழ்வு வாழ்பவர்கள் அவர்கள். எருமையே அவர்கள் செல்வம். அவர்களுடைய சிற்றூருக்கு மந்து என்று பெயர். மந்துக்கு அருகே வண்டிக் கூண்டு போல் வளைந்த கூரையுடைய கோயில் இருக்கும். அக்கோயில் பால்மனையும் ஆகும். விரதம் காக்கும் பூசகர் அங்கே பால் கறந்து, மோர் கடைந்து, வெண்ணெய் எடுப்பதே வழிபாடு. 1901-02 ஆம் ஆண்டுகளில் இங்கு வந்து தங்கிய ஆங்கில அறிஞர் ரிவர்ஸ், 1906-இல் தோடர்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நூலின் பெரும்பகுதி இந்தப் பால்மனைச் சடங்குகளைப் பற்றியதே. பைக்காரா ஆற்றைத் தோடர் தெய்வமாகக் கருதியதையும், அதைக் கடக்கும்போது மேற்போர்வையினின்று வலக்கையை வெளியே எடுத்து மரியாதை செய்ததையும் அவர் குறித்துள்ளார்.

தோடர்களின் ஆண்டு எருமையின் ஆண்டு. வறண்ட மாதங்களில் கிழக்குப் புல்வெளி காய்ந்துவிடும். அப்போது ஈரம் மிகுந்த மேற்குப் புல்வெளிகளுக்கு மந்தையை ஓட்டிச் செல்வது பழைய வழக்கம். பருவம் மாறும்போது எருமைகளுக்கு உப்பு நீர் காட்டும் சடங்கு நடைபெறும். ஓடைக் கரையில் குழி அமைத்து, நீர் நிரப்பி, உப்பிட்டு, கோயில் எருமைகளுக்கு முதலில் காட்டுவர். மலைப்புல்லை மட்டும் மேயும் மாட்டுக்கு உப்பு வேண்டும் என்பது ஆயர் எல்லாரும் அறிந்த உண்மை. தோடர் அந்தத் தேவையை விழாவாக்கிக்கொண்டனர். கோயிலுக்குக் கூரை வேய்வதும் அவ்வாறே. சதுப்பில் வளரும் புல்லைச் சேகரித்துப் பல மந்துகளின் ஆடவர் கூடிக் கூரை வேய்வர். வேலை முடிந்ததும் ஆடுவர், பாடுவர்.

டிசம்பர் இறுதியில் அல்லது சனவரித் தொடக்கத்தில், உதகைக்கு அருகிலுள்ள முத்தநாடு மந்தில் ‘மொற்பர்த்’ என்னும் பெருவிழா நிகழ்கிறது. தோடர்களின் புத்தாண்டு விழா என்றே இதனைப் பலரும் கூறுவர். பல மந்துகளிலிருந்தும் ஆடவர் வந்து கூம்பு வடிவமான மூன்போ கோயில் முன் வணங்குவர். பின்பு கைகோத்து வட்டமாக நின்று, மெல்ல அடி பெயர்த்துப் பாடி ஆடுவர். இளைஞர் கனத்த உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல் எறிந்து வலிமை காட்டுவர். நம் தென்பாண்டிச் சீமையின் இளவட்டக்கல்லைக் கண்டவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. அன்று எல்லார் தோளிலும் ‘புத்துக்குளி’ விளங்கும். வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமான நூலால் தோடப் பெண்கள் தைத்த பூவேலைப் போர்வை அது. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

தோடர் பாட்டைப் பற்றித் தனியே ஒரு சொல் கூறவேண்டும். திராவிட மொழியறிஞரான எமனோ 1935 முதல் 1938 வரை இம்மலையிலும் பிற இடங்களிலும் தங்கித் திராவிட மொழிகளை ஆராய்ந்தார். அவர் தொகுத்த தோடர் பாடல்கள் 1971-இல் பெருநூலாக வெளிவந்தன. எழுத்தில்லாத மொழி ஒன்றில் இத்துணை நுட்பமான கவிதை மரபு இருப்பதை அவர் உலகுக்கு எடுத்துக்காட்டினார். அங்கே பாடுவதற்கென்று தனிக் குடியினர் இல்லை. நிகழ்ச்சி எதுவோ அதற்கேற்ப அங்கேயே பாட்டுக் கட்டுவர். முன்னோர் வகுத்த சொற்றொடர்கள் இரண்டிரண்டாக இணைந்து வரும். அவற்றில் மந்தின் பெயர், குன்றின் பெயர், ஓடையின் பெயர், எருமையின் பெயர் எல்லாம் வரிசையாக வரும். ஆம், எருமைகளுக்கும் தனித்தனியே பெயர் உண்டு. அந்தப் பாட்டைக் கேட்பவர் மனத்தில் ஒரு நாடே நடந்து செல்லும்.

அடுத்து, கோத்தர். சோலூர்க் கோக்கால், கொல்லிமலை முதலாக ஏழு ஊர்களில் வாழும் இவர்கள் கொல்லரும் தச்சரும் குயவரும் இசைவாணரும் ஆவர். ஒரு கறுப்புப் பசு வழிகாட்டிச் சென்றதென்றும், அது நின்ற இடங்களிலேயே தங்கள் ஊர்கள் அமைந்தன என்றும் அவர்கள் கூறுவர். மார்கழி, தை மாதங்களில், அமாவாசைக்குப் பின் வரும் திங்கட்கிழமையில், அய்யனோர் அம்மனோர் திருவிழா தொடங்கும். கட்டையோடு கட்டை கடைந்து புதுத் தீ எடுப்பர். கோயிற்கூரையைப் புதுப்பிக்கும் சடங்கு நடக்கும். குழலும் வளைந்த கொம்பும் முழவும் முழங்க, இரவுப் பனியில் நெருப்பைச் சுற்றி ஆடவர் ஆடுவர். விழா நிறைவில் மகளிரும் ஆடுவர். கோத்தரோடு பழகி அவர்கள் இசையை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு உல்ஃப் 2005-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு மக்கள் தம் இடத்தையும் காலத்தையும் இசையாலேயே எவ்வாறு வகுத்துக்கொள்கின்றனர் என்பதே அந்நூலின் பொருள். இந்தத் தெய்வத்துக்கு இந்த இசை, சாவுக்கு இந்த இசை என்று வரையறை உண்டு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வாசிப்பது முறையன்று.

மூன்றாவதாக, படகர். எண்ணிக்கையில் பெருகியவர்களும் உழவில் தேர்ந்தவர்களும் இவர்களே. மார்கழி, தை மாதங்களில் ஹெத்தைப் பண்டிகை வருகிறது. ஹெத்தை என்றால் பாட்டி. குலத்தின் மூதாட்டியே தெய்வமானாள். கோத்தகிரிப் பக்கத்துப் பேரகணியிலும் மற்ற ஊர்களிலும் வெள்ளாடை உடுத்த மக்கள் திரள் திரளாகக் கூடுவர். பச்சை மலைச் சரிவில் வெண்மை நகர்ந்து வரும் காட்சி கண்ணை விட்டு அகலாது. ஆடி மாதத்தையொட்டி வருவது தெவ்வப்பா என்னும் அறுவடை விழா. அப்போது முதற்கதிரைத் தெய்வத்துக்குப் படைத்த பின்னரே புதுத் தானியத்தை உண்பர். கால்நடைக்கு உப்பு நீர் ஊட்டும் பண்டிகை இவர்களிடமும் உண்டு.

இம்மூன்று மக்களும் ஒருவரை ஒருவர் அறியாமல் தனித்தனியே விழா எடுத்தவர் அல்லர். தோடர் நெய் தந்தனர். கோத்தர் இரும்புக் கருவியும் பானையும் தந்தனர். படகர் தானியம் தந்தனர். காட்டில் வாழ்ந்த குறும்பர் தேனும் மூங்கிலும் தந்தனர். படகரின் வயலில் முதற்சாலை உழுது விதைக்கக் குறும்பரை அழைப்பது வழக்கம். தோடர் வீட்டுச் சாவுக்கும் படகர் வீட்டுச் சாவுக்கும் கோத்தர் குழலே ஒலித்தது. ஒருவர் பருவம் மற்றவர் பருவத்தோடு பின்னிக் கிடந்தது. 20-ஆம் நூற்றாண்டில் காசும் கடைத்தெருவும் வந்தபோது இந்தப் பின்னல் அவிழ்ந்தது. இதில் ஏற்றத்தாழ்வும் இருந்ததால், அவிழ்ந்ததற்காக மட்டும் வருந்த வேண்டுவதில்லை. பிறர் வீட்டுச் சாவுக்கு வாசிப்பது தமக்கு இழிவைத் தருகிறது என்று கோத்தர் எண்ணி விலகியது அவர்கள் உரிமை. அவர்கள் தம் தெய்வத்துக்கு வாசிப்பதை விடவில்லை என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இப்பொழுது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பனியிலும் மழையிலும் விழா ஏன்? விழா என்பது இங்கே வேலையின் மறுபெயர். கூரை வேய வேண்டிய காலத்தில் கூரை விழா. உப்பு ஊட்ட வேண்டிய காலத்தில் உப்பு விழா. கதிர் முற்றிய காலத்தில் கதிர் விழா. ஓய்வுக்காக ஏற்பட்ட பொழுதுபோக்கு அன்று இது. ஆகையால் அந்த வேலையும் அந்த வேலைக்குரிய பொருளும் மறைந்தால், பாட்டு மட்டும் தனித்து நிற்க முடியாது.

அந்தப் பொருள் மறைந்து வருகிறது என்பதே இன்றைய கவலை. ஆங்கிலேயர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த தைல மரமும் சீகை மரமும் புல்வெளிகளில் நடப்பட்டன. நாடு விடுதலை பெற்ற பின்னர், தோல் பதனிடவும் ஆலைகளுக்குக் கூழ் மரம் தரவும் அவை இன்னும் பெருமளவில் நடப்பட்டன. வெறும் புல்தானே என்று எண்ணியவர்கள் அதனைப் பயனற்ற நிலமாகக் கருதினர். சீகை மரம் நட்ட இடத்தோடு நிற்பதில்லை. விதை பரப்பித் தானே பெருகுகிறது. தேயிலையும் காய்கறியும் சதுப்பு நிலங்களின் விளிம்பு வரை வந்தன. தோடர் கோயிலுக்குக் கூரையாகும் புல், தாவர நூலறிஞர் ரங்காச்சாரியின் பெயர் தாங்கியது. உயர்ந்த மலைச் சதுப்பைத் தவிர வேறெங்கும் அது விளைவதில்லை. வீட்டுக்கு ஓடு போடலாம்; சிமெண்டும் பூசலாம். தோடர் இப்போது அத்தகைய வீடுகளில்தான் வாழ்கின்றனர். கோயிலுக்கு மட்டும் மரபு வகுத்த புல்லே வேண்டும். புல்லைத் தேடி வெகுதூரம் நடக்க வேண்டியவர்கள், ஒருநாள் நடப்பதையே விட்டுவிடக் கூடும். அன்றைக்குக் கூரைப் பாட்டும் நின்றுபோகும்.

படகர் நாட்டிலும் இதே நிலைதான். சாமையும் கேழ்வரகும் கொரலியும் விளைந்த சரிவுகளில் இன்று தேயிலை நிற்கிறது. தேயிலை அவர்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் முதற்கதிரைப் படைக்கும் விழா, கதிர் விளையாத நாட்டில் எத்துணைத் தலைமுறை வாழும்? வயலின் ஒரு மூலையிலேனும் பழந்தானியத்தை விதைத்து வைப்பது, விழாவுக்கு வேர் விடுவதாகும்.

கோடை விழா மேடையில் தோடர் ஆட்டத்தைச் சில நிமிடங்கள் கண்டு கைதட்டிச் செல்கிறோம். மேடை கூடாது என்று நான் சொல்லவில்லை. கலைஞருக்கு அது ஊதியமும் மதிப்பும் தருகிறது. பிற ஊரார் அவர்களை அறிய அதுவும் ஒரு வாயில். ஆனால் மேடையால் கலையைக் காத்துவிட்டோம் என்று எண்ணுவது தவறு. மேடையில் பாடப்படும் ஓடையின் பெயர் உண்மையில் ஓடும் ஓடையைச் சுட்டவேண்டும். எருமையின் பெயர் எங்கோ மேயும் எருமையைச் சுட்டவேண்டும். அவை இல்லாதபோது பாட்டு வெறும் ஓசையாகிவிடும்.

இதனை அயல்நாட்டார் உணரத் தொடங்கியிருக்கின்றனர். சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையில் கோடையில் மாடுகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று, இலையுதிர் காலத்தில் மலர் சூட்டி ஊருக்கு அழைத்து வருவர். 2023-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மானுடப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இடம் பெற்றது பாட்டு மட்டுமன்று, மணியோசை மட்டுமன்று. ஆல்ப்ஸ் மேய்ச்சற் பருவம் முழுவதுமே. மேய்ப்பவர், மாடு, பாலாடைக்கட்டி, புல்வெளி, விழா என எல்லாமே அதில் அடங்கும். தொல்காப்பியரின் கருப்பொருள் வரிசையை ஒத்த முறைதானே இது!

நம் நாட்டிலும் நம்பிக்கை தரும் செய்திகள் இல்லாமல் இல்லை. ஹெத்தைப் பண்டிகைக்கு நீலகிரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை அளிக்கிறார்கள். சிறிய செயல்தான்; எனினும் பள்ளிப் பிள்ளை பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு விழாவுக்குப் போக அதுவே வழி செய்கிறது. மற்றக் குடிகளின் பெருநாள்களுக்கும் இத்தகைய கருணை வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடியினர் தம் மரபான மேய்ச்சலுக்கும் வனப்பொருளுக்கும் உரிமை கேட்க இடம் தந்திருக்கிறது. அந்நிய மரங்களை அகற்றிப் புல்லை மீட்கும் முயற்சிகளும் சில இடங்களில் நடைபெறுகின்றன. அவ்வாறு மீட்கும்போது, இந்தச் சதுப்பில் எந்தப் புல் முன்பு இருந்தது என்று மந்தின் முதியவரைக் கேட்பது அறிவுடைமை. பாட்டிலே அந்தக் குறிப்பு இருக்கவும் கூடும்.

மலைக்கு வரும் விருந்தினருக்கும் ஒரு வேண்டுகோள். பைக்காரா ஏரியில் படகில் செல்லுங்கள், அருவியைக் காணுங்கள். ஒன்பதாவது மைலில் திரைப்படங்களில் கண்ட புல்மேட்டில் நில்லுங்கள். ஆனால் அந்தப் புல்மேடு ஒரு மக்களின் மேய்ச்சல் நிலம் என்பதை மறவாதீர்கள். மந்துக்குள் அழைப்பின்றி நுழையாதீர்கள், கோயிலருகே செல்லாதீர்கள். அங்கே யார் செல்லலாம், எதுவரை செல்லலாம் என்பதற்கு அவர்கள் வகுத்த எல்லை உண்டு.

12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது. இனி 2030-இல் பூக்கும். அதற்குள் பன்னிரண்டு மார்கழிகளும் பன்னிரண்டு ஆடிகளும் வந்து போகின்றன. ஒவ்வோர் ஆண்டும் கூரை வேய்பவர், உப்பு ஊட்டுபவர், தீக் கடைபவர், கதிர் படைப்பவர் தங்கள் வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய புல்லும் நீரும் நிலமும் அவர்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் அனைவரின் கடமையாகும். அதைச் செய்வோமாயின், கலையைக் காப்பதற்கென்று தனியே ஒரு முயற்சி தேவைப்படாது.